இதயத்தைப் பதியும் பெட்டி

கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டாம் முறை மயங்கி விழுந்தேன். முதல் முறை விழுந்தது வீட்டில், அரிசி கழுவும்போது. அதை யாருக்கும் சொல்லவில்லை. இம்முறை வகுப்பே பார்த்தது. மேசை விளிம்பில் நெற்றி பட்டு மூன்று தையல்.

"ஏன் முந்தியே சொல்லேல்லை?" என்று கணவர் கேட்டார்.

"சாப்பிடாமல் நிண்டதாலையெண்டு நினைச்சன்."

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வங்கி வேலையிலிருந்த கணவரோடு பக்கத்து ஊரான வத்தேகமவில் வாடகை வீட்டில் குடியிருந்தேன்.

ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. "நீங்கள் விழுகிற நேரத்தில் எடுத்தால்தான் ஏதாவது தெரியும்," என்றார் இதய வைத்தியர். அவர் சிங்களவர்; எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிகிற பெட்டி ஒன்று இருப்பதாகவும், அதைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். "வீட்டில் படுத்துக் கிடந்தால் பெட்டிக்கு ஒன்றும் அகப்படாது."

மறுநாள் காலையிலேயே கட்டினார்கள். நெஞ்சில் ஐந்து இடங்களில் பசை வட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். எல்லாம் போய்ச் சேர்வது இடுப்புப் பட்டியில் தொங்கிய, கையடக்க றேடியோ அளவான பெட்டிக்கு. உள்ளே கசெட் நாடா ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு என்ன செய்தேன், என்ன உணர்ந்தேன் என்று எழுத ஒரு தாளும் தந்தார்கள்.

சேலையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் முகம் வெளுத்துவிட்டது. நகரத்தில் தற்கொலைக் குண்டு வெடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இந்தக் கோலம் எதை நினைவூட்டும் என்று இருவருக்கும் தெரியும். அவர் நேரே வைத்தியரிடம் திரும்பிப் போனார். ஒரு கடிதம் வேண்டும் என்றார். வைத்தியருக்கும் அப்போதுதான் உறைத்தது. எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரையை இரண்டு தரம் குத்தினார்.

"இண்டைக்கு லீவு போடுமன்," என்றார் கணவர்.

"வேலைக்குப் போகவெண்டுதானே கட்டினது. நான் போறன்."

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணி பஸ்ஸில் ஏறினேன். நகரத்தைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கவேண்டும். பையை வெளியே மேசையில் வைத்துவிட்டு, பெண்கள் மறைப்பாகச் சாக்குப் படங்கு கட்டிய சிறு கூட்டுக்குள் போகவேண்டும். கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும் என்று சிங்கள வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். ஆனால் உள்ளே நின்ற பெண் பொலிஸுக்கு அவசரம். நான் வாய் திறப்பதற்குள் அவள் கை என் இடுப்பில் இருந்தது.

கை அங்கேயே நின்றது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. விரல் மெல்ல மேலே ஏறி வயரைத் தொட்டது.

"ஹதவதே லெடக்," என்றேன். இதய வருத்தம் என்று அர்த்தம். எனக்கே கேட்காத குரலில் வந்தது.

அவள் அலறிக்கொண்டு படங்கைக் கிழித்தபடி வெளியே ஓடினாள்.

கையைத் தூக்கச் சொல்லி வெளியே கத்தினார்கள். தூக்கியபடி வந்தேன். நாலைந்து துவக்குகள் என் பக்கம் திரும்பியிருந்தன. பயணிகள் ரோட்டோர மதிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தார்கள். சாரதி பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நடு ரோட்டில் நான் மட்டும். சேலைத் தலைப்பு சரிந்து, வயர் வெளியே தெரிந்தது. அதை மூடக்கூடக் கையை இறக்க முடியாது.

மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்: "அது என்ன?"

"இதயப் பரிசோதனை. கடிதம் பைக்குள் இருக்கிறது."

பை மேசையில் இருந்தது. அதற்குள்ளும் குண்டு இருக்கலாமே. ஒருவரும் கிட்டப் போகவில்லை. என்னைப் போய் எடுக்க விடவும் இல்லை. வெயில் தையல் காயத்தில் குத்தியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

மதிலுக்குப் பின்னால் ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பினார். அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்தவர். அவருடைய இளைய மகளுக்கு நான் படிப்பித்திருந்தேன். படுக்கச் சொல்லி அதிகாரி கத்தினார். அவர் படுக்கவில்லை. இவர் என் மகளின் டீச்சர், பையை நான் திறக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மேசையை நோக்கி நடந்தார்.

"டீச்சர், கடிதம் எந்தப் பக்கத்துல?"

"நடுவிலை. சிப் வைச்ச பக்கம்."

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சிப்பை இழுத்தார்.

வெள்ளை உறையை அவர் உயர்த்திப் பிடித்தது தெரிந்தது. அந்த நேரம் காதுக்குள் மழை கொட்டுவதுபோல ஒரு சத்தம். வரப்போவது எனக்குத் தெரியும். இப்போது விழுந்தால் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு விழுந்தேன்.

சுடவில்லை. கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர். அலறி ஓடிய அதே பிள்ளை என் தலையை மடியில் வைத்திருந்தாள். "பய உணா, நோனா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், பயந்துபோனேன் என்று. அதிகாரி கடிதத்தை மடித்துத் தந்தார். "இனிமேல் முதலிலேயே சொல்லுங்கள்," என்றார். அவ்வளவுதான். புடவைக்கடைக்காரர் ரோட்டோரத்தில் குந்தியிருந்தார். "எனக்கும் ஒரு ஈசிஜி எடுக்கணும் போல டீச்சர்," என்றார்.

அன்று மாலை தாளில் எழுதினேன்: இரண்டு நாற்பது, சோதனைச் சாவடி, விழுந்தேன்.

அடுத்த நாள் வைத்தியர் நாடாவை ஓட்டிப் பார்த்துவிட்டு, நீளமான காகிதத் துண்டைக் கொண்டுவந்தார். மேலும் கீழுமாய் ஓடிய கோடு ஓரிடத்தில் தட்டையாகக் கிடந்தது. "ஆறு செக்கன் துடிப்பே இல்லை," என்றார்.

"பயத்திலை வந்திருக்குமோ?" என்று கணவர் என்னைப் பார்த்தார். நான் அதையே வைத்தியரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எனக்கும் அதே சந்தேகம். அந்த இடத்தில் யாருக்கும் மயக்கம் வரலாம்." இன்னொரு துண்டை விரித்தார். அதிலும் ஒரு தட்டைக் கோடு, கொஞ்சம் கட்டையானது. "பத்து மணி பத்துக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்தேன்."

"அங்கே உங்களை யாரும் பயப்படுத்தவில்லையே." இதயத்தைத் துடிக்கத் தூண்டுகிற இடம் இடைக்கிடை தன் வேலையை மறந்துவிடுகிறது என்று விளங்கப்படுத்தினார். மருந்து உதவாது. தோளெலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைக்கவேண்டும்; துடிப்பு நிற்கும்போது அது தூண்டிவிடும். கட்டிக் கழற்றுகிற பெட்டி அல்ல, உள்ளேயே இருக்கப்போவது. அதைக் கேட்டுக் கணவர் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பில் வைத்தார்கள். விறைக்க ஊசி போட்டு, நான் விழித்திருக்கவே, இரத்த நாளம் வழியாக வயரை இதயத்துக்குள் இறக்கினார்கள். அதன் பிறகு நான் விழவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பல நாள் வெறுமையாகவே வந்தது. ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள்.

தோள் தையல் ஆறியதும் நன்றி சொல்ல அக்குறணைப் புடவைக்கடைக்குப் போனேன். மனைவியும் கடையில் நின்றார். நான் பேச்சைத் தொடங்கியதுமே கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அதப் பேச வேணாம் டீச்சர். ஊட்டுல ஒண்டும் சொல்லல்ல."

அவருடைய மனைவி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து, மகளின் கணக்குப் பாடம் இப்போது எப்படி என்று விசாரித்தேன்.