நாற்காலியில் பழுது பார்த்த லிப்ட்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கல்யாணமான புதிதில் என்னை எட்டு மாடித் துணிக்கடைக்கு அழைத்துப் போனார். துணி எடுக்கப் போகிறோம் என்று பார்த்தால், மனிதர் லிப்ட் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நாலு தடவை ஏறி இறங்கினார். எனக்கு மானமே போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட ஆள் ஐந்து மாதமாகக் கட்டிலே கதி என்று கிடந்தார். கெஞ்சினால் நாலு வாய் சாப்பிடுவார். இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை வராது. "சோம்பேறித்தனம்" என்ற நாத்தனாரிடம் நான் ஒரு மூச்சு சண்டை போட்டேன். டாக்டர் இதை மனச்சோர்வு நோய் என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, உளவியலாளரிடமும் அனுப்பினார். எனக்கு ஒரே பயம்தான். இந்த மனுஷன் இனி எதற்குமே ஆசைப்படாமல் போய்விடுவாரோ?

அந்த உளவியலாளர் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மேசையில் எப்போதும் திறக்காத டிபன் பாக்ஸ் ஒன்று இருக்கும். ஐந்தாவது தடவை போனபோது, "இன்னைக்கு ஹிப்னாடிசம் பண்ணிப் பாக்கலாமா?" என்றார். சங்கிலிக் கடிகாரத்தை ஆட்டுவார் என்று ஆவலோடு உட்கார்ந்தேன். ஒன்றையும் காணோம்!

"தூங்க வைக்கப் போறதில்ல சார். எப்ப வேணும்னாலும் கண்ணத் திறக்கலாம். மூச்ச மெதுவா விடுங்க."

என் வீட்டுக்காரரின் தோள்கள் தளர்ந்தன. நான் மூச்சுவிடவே பயந்தேன்.

"இப்ப ஒரு லிப்ட்ல நிக்கிறீங்க. மெதுவா கீழ இறங்குது. பத்து... ஒன்பது..."

அட கடவுளே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாரே! எல்லோரிடமும் சொல்வது பழக்க தோஷத்தில் வந்துவிட்டதாம், பிற்பாடு அந்த அம்மாவே ஒத்துக்கொண்டார்.

ஏழு வருவதற்குள் இவர் புருவம் நெரிந்தது. "நிறுத்துங்க. ரோப் உரசுது. ஆளுங்கள ஏத்தாதீங்க."

கண் மூடியபடிதான் இருந்தது. போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அந்த அம்மாவோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நிறுத்திட்டேன் சார். இப்ப என்ன பண்ணணும்?"

"மெயின ஆஃப் பண்ணணும்."

"பண்ணுங்க."

வலது கை எழுந்தது! கரண்டி பிடிக்கவே கெஞ்ச வேண்டியிருந்த கை, காற்றில் எதையோ இழுத்து அணைத்தது. பிறகு உள்ளங்கையை நீட்டினார். "பதினேழாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க."

அம்மா தன் பேனாவை வைத்தார்.

"இது பதினாலு."

அம்மா சிரிக்காமல் வாங்கி, அதே பேனாவைத் திரும்பக் கொடுத்தார். "இந்தாங்க, பதினேழு."

கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இருபது நிமிடம் திருகினார், முறுக்கினார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அம்மா மெல்ல எண்ணிக் கண் திறக்க வைத்தார்.

"இன்னையோட சரியாயிட்டதா நினைக்காதீங்கம்மா," என்று என்னிடம் கறாராகச் சொன்னார். "மாத்திரைய நிறுத்தக் கூடாது. இன்னும் நிறைய நாள் வரணும்."

வருகிறோம், வராமல் எங்கே போகப் போகிறோம்!

இவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இங்க எங்கயாவது சோப்பு கிடைக்குமா? கையெல்லாம் கிரீஸ் ஒட்டின மாதிரி இருக்கு."

அப்பழுக்கில்லாத கைகள். ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. செருப்பைக்கூட மாட்டாமல், "சோப்பு! யாராவது ஒரு சோப்பு குடுங்க!" என்று கத்திக்கொண்டே வராந்தாவில் ஓடினேன்.