பேராசிரியர் வீட்டு மரியா

பேராசிரியரின் மேசைக்கு மேலே ஒரு படம் தொங்கியது. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய புளோரன்ஸ் ஓவியமொன்றின் அச்சுப்பிரதி. முன்னால் பட்டுடுத்த பெண்கள், பின்னால் தண்ணீர்க் குடத்துடன் ஒரு வேலைக்காரி. தொண்ணூறுகளில், இத்தாலியின் பலேர்மோவில் அவர் வீட்டில் வேலை செய்த நான்கு வருடமும் அந்தப் படச் சட்டத்தைத் துடைத்தவள் நான்தான். முன்னால் நிற்பவள் எந்த வட்டிக்கடை முதலாளியின் மனைவி என்று அவர் மணிக்கணக்கில் சொல்லுவார். குடத்துக்காரி யார் என்று ஒருநாள் கேட்டேன். “அவளா? யாருமில்லை” என்றார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமைகளில் மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் கோப்பி கொடுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மறுமலர்ச்சி ஆகாயத்திலிருந்து விழவில்லை என்பார். கம்பளி வியாபாரிகளும் வட்டிக்காரரும் கையில் காசு சேர்ந்ததும், பிரபுக்களுக்குச் சமமாக நிற்க ஆசைப்பட்டுக் கோயில் சுவர்களில் ஓவியம் தீட்டுவித்தார்கள். அதுவரை பெயரில்லாமல் உழைத்த கைவினைக்காரனும் படத்தின் மூலையில் தன் பெயரை எழுதத் துணிந்தான். மனித மாண்பு அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். மன்னாரில் ஏ.எல். வரை சரித்திரம் படித்த எனக்கும் கண் கலங்கும். இப்படியொரு மனிதரிடம் வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமென்று எங்கள் ஆட்கள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதி முழுக்கப் பீற்றித் திரிந்தேன். விசரி நான்.

என்னை அவர் மரியா என்றுதான் கூப்பிட்டார். எனக்கு முன் அங்கே இருந்து, பிறகு மிலானுக்குப் போய்விட்டவளின் பெயர் அது. அந்த ஊரில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். வேலைக்காரி மாறுவாள், பெயர் மாறாது. எங்கள் பெயர்கள் அவர்கள் நாக்கில் நிற்காதாம். மாதாவின் பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மன்னாரில் அக்காவிடம் விட்டு வந்த மகளை இங்கே எடுப்பிக்க, அவளுக்குப் பதினெட்டு வயது ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதம் மிச்சமிருந்தது. எனக்குப் பதிவுள்ள வேலை இருக்கிறதென்று காட்டினால் போதும். “எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மரியா” என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வெளிநாட்டுக்காரரின் விண்ணப்பங்களை எடுக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில், அலுவலர் தாள்களைப் புரட்டினார். அந்த வீட்டில் வேலை செய்பவள் மிலானுக்குப் போன மரியா என்றே இருந்தது. நான்கு வருடமும் அவள் பெயரையே பதிந்து வந்திருக்கிறார். “நீங்கள் அங்கே வேலை செய்ததாகவே இல்லையே” என்றார் அலுவலர்.

துணைக்கு வந்த மச்சாள் வெளியே வந்ததும் சொன்னாள்: “அந்தாளைப் பொறுத்தவரை நீ இஞ்சை இல்லவே இல்லை. போய்க் கதை. சும்மா தலையாட்டிப்போட்டு வராதை.”

“ஓம், போறன்” என்றேன்.

அன்றும் வியாழக்கிழமை. மாணவர்கள் நிறைந்திருந்த அறைக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்து, பதிவுப் படிவத்தை அவர் விரித்து வைத்திருந்த புத்தகத்தின் மேல் போட்டேன். இதில் என் பெயரை எழுதுங்கள் என்றேன்.

“ஒரு சின்னத் தவறு, மரியா. இதற்கா இவ்வளவு கோபம்?” என்று சிரித்தபடி பேனையைத் திறந்தார். எழுதக் குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, “உன் பெயர் என்ன?” என்று கேட்டார்.

அருள்ராணி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மாணவர்கள் தங்கள் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவு திருத்தப்பட்டு வந்தபோது மகளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் வரவேயில்லை. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். தொலைபேசியில் “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டு, அடுத்து என்ன கதைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள். நானும் மழை பெய்ததா என்று கேட்கிறேன்.

பேராசிரியர் செத்துப் பல வருடமாகிவிட்டது. மன்னித்துவிடு என்று கோயில் சாமியார் சொல்லிப் பார்த்தார். என்னால் முடியாது. பூசையில், இறந்தவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடும் நேரம் வரும். அவருடைய பெயர் எனக்கு முழுதாகத் தெரியும். நான் சொல்வதில்லை.