களிமண் உருண்டைகளும் நல்ல தண்ணீரும்

என் மனைவியின் வெள்ளை ஆர்க்கிட் செடியைக் கொன்றது நான்தான். பூச்சியும் இல்லை, வெயிலும் இல்லை. அவள் ஊரில் இல்லாத மூன்று மாதத்தில், நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நானே செய்த வேலை.

போத்தனூரில் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தேன். பம்பு செட்டுக்கான பாகங்கள் கடைந்து கொடுப்போம். பட்டறையை விட்ட பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. எதுவும் ஒரே அளவாக, துடைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும் எனக்கு. பால்கனியில் அவள் வளர்த்த ஆறு ஆர்க்கிட் தொட்டிகளைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அந்தச் செடிக்கு மண் ஆகாதாம், மரப்பட்டைத் துண்டுகளில்தான் வேர் ஓடுமாம். ஒரு துண்டு விரல் நீளம், ஒரு துண்டு நகத்தளவு, பாதி மக்கிப் போனது, இடையில் எறும்பு. ஒரு மழைக்காலத்தில் பூரானே வந்தது. “குப்பைமேட்டை ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கற” என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆறில் அந்த வெள்ளைதான் அவளுக்கு உசத்தி. அவளும் பல்லடத்தில் இருந்த அவள் அக்காவும் புருஷன், பிள்ளை யாரும் இல்லாமல் இரண்டே பேராக ஊட்டிக்குப் போன ஒரே பயணத்தில் வாங்கியது. அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மாசியில் பூ விட்டதும் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவாள். அந்த நேரத்தில் காபி கேட்டால்கூட உடனே வராது.

மகள் பேறுகாலத்துக்கு இங்கே வர முடியாததால் இவள் பெங்களூருக்குக் கிளம்பினாள். வாசலில் பையோடு நின்றபடி, “வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்துனாப் போதுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அந்தத் தண்ணி வந்துங்க...” என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. “ஊர்த் தோட்டத்துக்கெல்லாம் தண்ணி எடுக்கற பம்பு செஞ்சவன் நானு. எனக்கே தண்ணி ஊத்தச் சொல்லித் தர்றயா? நடம்மணி, நேரமாச்சு.”

அவள் போன இரண்டாம் வாரம், செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பட்டைக்குப் பதிலாகச் சுட்ட களிமண் உருண்டைகளில் ஆர்க்கிட் வளர்க்கிறார்கள். மக்காது, எறும்பு அண்டாது, கழுவித் திரும்பவும் போடலாம். கோலிக்குண்டு போல எல்லாம் உருண்டையாக இருந்தன. பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது. வரவழைத்து, ஒரே காலையில் ஆறு தொட்டிகளையும் மாற்றினேன். பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த வேர்களை வெட்டினேன். உருண்டைகள் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று தொட்டிக்கடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். அவளைக் கேட்கவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அது உப்பு. வாளியில் நான்கு நாள் நின்றால் வெள்ளையாகப் படியும். செடிக்கு எந்தத் தண்ணீர் என்று கோயமுத்தூரில் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

முதலில் ஒரு புது இலை வந்தது. பட்டறையில் புது மிஷின் ஓடின நாள்போல இருந்தது எனக்கு. அப்புறம் உருண்டைகளின் மேல் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தது. களிமண்ணின் குணம் போல என்று விட்டுவிட்டேன். இலை நுனிகள் கறுத்தன. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். வீடியோ காலில் அவள் செடியைக் காட்டச் சொன்னபோது, நன்றாக இருந்த தொட்டியை மட்டும் காட்டினேன். வெள்ளைச் செடியைக் கேட்டாள். வெளிச்சம் பத்தவில்லை என்றேன். பட்டப்பகல் அது.

பெங்களூரிலிருந்து திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் பால்கனிக்குப் போனாள். ஒரு உருண்டையை எடுத்து நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்தாள்.

“போர் தண்ணிங்களா?”

“பின்ன?”

அப்போதுதான் சொன்னாள். நல்ல தண்ணீர் வரும் நாளில் பழைய குடத்தில் மிச்சம் இருப்பதை, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு எண்ணெய் கேனில் எடுத்து வைப்பாளாம். எட்டு வருஷமாக அந்தச் செடிகள் குடித்தது அதைத்தான். கேன் இப்போதும் அங்கேதான் இருந்தது. நான் கவனித்ததே இல்லை.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?” என்றேன். குரல் உயர்ந்துதான் வந்தது.

“மொத வருசம் ஒரு செம்பு ஊத்துனதுக்கு, பக்கத்து ஊட்டுக்காரங்க பாக்கப் பாக்க சத்தம் போட்டீங்களே. குடிக்கிற தண்ணிய செடிக்கு ஊத்தறயே, அறிவிருக்கான்னு கேட்டீங்க. அதுக்கப்பறம் எப்படிங்க சொல்றது?”

எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், அந்த நாள் எனக்குள் எங்கும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கு ஒரு நிமிஷக் கோபம். அவளுக்கு எட்டு வருஷம் ஒளித்து வாழவேண்டிய விஷயம்.

வெள்ளைச் செடியைத் தூக்கியபோது வேர்கள் உருண்டைகளோடு தங்கிவிட்டன, இலை மட்டும் கையோடு வந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “போச்சாது உடுங்க, நீங்க வேணும்னா பண்ணுனீங்க?” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிழைத்தவை இரண்டுதான். அவற்றைத் திரும்பப் பட்டையில் வைத்தாள். பட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தது நான். “இனிமே நல்ல தண்ணியே ஊத்தம்மணி. எத்தனை குடம் வேணும்னாலும் ஊத்து. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்” என்றேன். “சரிங்க” என்றாள். அதோடு தீர்ந்தது என்றுதான் இத்தனை மாதமாக நினைத்திருந்தேன்.

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினவன், கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினேன். கதவு திறந்துதான் இருந்தது. பால்கனியில் செம்போடு குனிந்திருந்தவள் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கை தானாகவே முந்தானையை இழுத்துச் செம்பை மூடியது. நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்:

“இது போர் தண்ணிதானுங்க.”