மூன்றாவது பர்னர்

துரத்தவில்லை, என் மருமகள் தானாகத்தான் வேலையை விட்டாள். “ஊரார் வேலையைப் பாதியில நிறுத்துவாளாமே, அதான் சீட்டைக் கிழிச்சிட்டாங்க” என்று எதிர்வீட்டு அம்மா சொல்வதில் முன்பாதி மட்டும் உண்மை. நிறுத்துவாள். அவள் உத்தியோகமே அதுதான்.

அவள் வேலை பார்த்த கல்லூரியில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதில்தான் வேலை செய்வார்கள். யாராவது ஒருவருடைய புரோகிராம் தறிகெட்டு ஓடினால் முழு மெஷினையும் அதுவே தின்றுவிடும். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் ஆளுக்கு ஓர் அளவு வைத்திருந்தாள். மீறினால் தானாக நின்றுவிடும். ஒருமுறை அவளுடையதே நின்றுபோனது. “சரியாத்தான் வேலை செய்யுது அத்தை” என்று சிரித்தாள்.

கைநாட்டுக்காரியான எனக்கு இதெல்லாம் விளங்கியது அடுப்படியில்தான். ஒரு பர்னரில் பால், ஒன்றில் பருப்பு, மூன்றாவதில் யாரும் கேட்காத வெந்நீர் என்று மூன்றையும் நானே பிடித்துக்கொள்வேன். அவள் முட்டையும் கையுமாக நிற்பாள்.

“உங்களுக்கு ரெண்டு, அத்தை. மூணாவது பொது.”

“மாமியார்னு ஒரு மரியாதை இல்லையாடி?”

“மரியாதை இருக்கு. மூணாவது பர்னர்தான் இல்ல.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்காததால் நானே இறக்கிக்கொண்டேன்.

அவளுடைய துறைத் தலைவரும் என் ரகம்தான். தனக்கு மட்டும் அளவு கூடாது என்றார். மேலதிகாரி ஆயிற்றே என்று அவருடைய அளவை எடுத்துவிட்டாள். அவருடைய புரோகிராம் கட்டறுத்துக்கொண்டு ஓடியதில் மாணவர்களின் ஆராய்ச்சி வேலையெல்லாம் பாதியில் அறுந்தது. மறுபடியும் அளவை வைத்தாள். “காலையில எடுத்துடணும். இல்லேன்னா வேலையை விட்டுடு” என்றுவிட்டார் அவர்.

நான் சும்மா இருப்பேனா? “ஒரே ஒருத்தருக்குத்தானே, விட்டுக்கொடுத்துடு. வேலை போனா வீட்டு வாடகைக்கு எங்க போறது?” என்று அவள் பின்னாலேயே அலைந்தேன். என் பேச்சுக்குத்தான் யாரும் இன்னும் அளவு வைக்கவில்லையே.

“பாக்கலாம் அத்தை” என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

காலையில் பையை மாட்டிக்கொண்டாள், செருப்பைப் போட்டாள். என்ன முடிவு என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள், வாசல்வரை போனவள் செருப்புக்காலோடு அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். மூன்று பர்னரும் எரிந்துகொண்டிருந்தன. என் வெந்நீரை இறக்கி வைத்து, மூன்றாவதை அணைத்தாள்.

“வரேன் அத்தை” என்று கதவைத் திறந்துகொண்டு போனாள்.