தென்னூர் நூலகத்தில் கேரம் போட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பாலக்கரையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டதும் தென்னூர் கிளை நூலகத்துக்குப் போவேன். அங்கே நூலகர் ஸ்ரீரங்கத்துக்காரர், பயந்த சுபாவம்.

"பேப்பர் படிக்கறவாளைத் தவிர இங்க ஒருத்தரும் வரதில்லை. கேரம் போட்டி வச்சா வருவா. நீங்க கூட இருந்து ஏற்பாடு பண்ணணும்" என்றார்.

"பொம்பளைங்களுக்கும் வைக்கலாம் சார்" என்றேன். ஆசிரியப் பயிற்சி விடுதியில் நான் நன்றாகவே ஆடுவேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஞாயிறு காலை பெண்கள், மாலை ஆண்கள்.

போர்டுகளை இரவல் தருவதாகச் சொன்ன பொன்மலை ரயில்வே பட்டறை ஃபிட்டர் ஒருவரும் நாங்கள் இருவரும் பேப்பர் மேசையில் உட்கார்ந்து, யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது என் அண்ணன் உள்ளே வந்தான். அப்பா போனபிறகு வீட்டில் அவன் கைதான் பேசும்.

"ஆம்பளைங்களோட உக்காந்து என்னடி வெளையாட்டு?"

எழுந்திருப்பதற்குள் சடையைப் பிடித்து இழுத்து அறைந்தான். உதடு கிழிந்தது. மறுபடி தலையைப் பிடித்து மேசையில் மோதினான். தடுக்க வந்த நூலகரைத் தள்ளினான். அவர் பேப்பர் ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தார், அவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

ஃபிட்டர் அவனைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் சாத்தினார். மூக்கில் ஒரு குத்து. வாயில் ஒன்று. பல் தெறித்து விழுந்தது. அண்ணன் சட்டையெல்லாம் ரத்தம். இன்னும் அடிக்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. நூலகர்தான் தரையில் கிடந்தபடியே, "போறும், விட்டுடுங்கோ" என்று அலறினார்.

"வீட்டுக்கு வாடி, கொன்னுடறேன்" என்றான் அண்ணன்.

"வரமாட்டேன்" என்றேன். அங்கிருந்து நேரே எங்கள் பள்ளித் தலைமையாசிரியையிடம் போனேன். அவர் தன் வீட்டில் எனக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்.

ஞாயிறன்று நூலகர் ஒட்டுப்போட்ட கண்ணாடியோடு வாசலில் நின்றார். "வரமாட்டேளோன்னு நெனச்சேன்" என்றார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்தது. வெளியே அண்ணனும் அவன் கூட்டாளிகளும். ஃபிட்டர், காவலுக்குக் கூட்டி வந்திருந்த தன் பட்டறை ஆட்களோடு இறங்கினார். தெருவில் சைக்கிள் செயினும் செங்கல்லுமாக அடிதடி. ஒருவன் மண்டை உடைந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பெண்கள் மூலையில் ஒண்டினார்கள். என்னோடு ஆடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் அவனுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்து, போர்டிலிருந்த கண்ணாடித் துண்டுகளைத் துணியால் தள்ளினாள்.

"உங்க ஆட்டம்தாங்க, அடிங்க" என்றாள்.

அடித்தேன். ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தது. அவளிடம் தோற்றேன். அன்று மாலை ஆண்கள் போட்டி நடக்கவில்லை, போலீஸ் வந்துவிட்டது.

அண்ணன் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. அம்மா மட்டும் அவனுக்குத் தெரியாமல் பள்ளி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.