குளிர் அறை அக்காவுக்குக் கையுறை வாங்கியது

சித்திரை வெயில் உச்சியில் இருந்த ஒரு பிற்பகல். முடிச்சூர் சாலையோரத் தேநீர்க் கடை முன்னால் நின்றிருந்த அக்காவின் விரல்கள் சாக்பீஸைப் போல் வெளுத்திருந்ததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். இடது கையில் மூன்று விரல்கள், வலது கையில் இரண்டு. நடுக்கணு வரைக்கும் வெள்ளை, அதற்குக் கீழே வழக்கமான மாநிறம். இரண்டும் சேரும் இடம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது. கடைக்காரர் அப்போதுதான் ஊற்றிக் கொடுத்த தேநீர். என் டம்ளரை நான் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்திருந்தேன். அக்கா வெறும் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். சூடு அவருக்குத் தெரியவேயில்லை.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாமா அப்டி பாக்குற? பேய் கை மாரி கீதா?"

"வலிக்கலையாக்கா?"

"இப்ப ஒண்ணும் தெரியாது. அப்பால ரத்தம் எறங்கும் பாரு, அப்போதான் நெருப்புல வச்சா மாரி எரியும். நீ போயி ஆபீஸ்ல சொல்லிக்கினு இருக்காத."

அந்த டம்ளர் காலியாவதற்குள் விரல்கள் நீலமாகி, பிறகு செக்கச் சிவந்தன. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறினார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது தாம்பரத்துக்கு மேற்கே இருந்த ஒரு கோல்ட் ஸ்டோரேஜில். ஐஸ்கிரீம், பட்டாணி, மீன், கோழி என்று உறைந்த சரக்கெல்லாம் அங்கே வந்து இறங்கும், அங்கிருந்து நகரத்துக் கடைகளுக்குப் போகும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கிடங்குக்குத் தேவையான தளவாடங்களை வாங்கும் குமாஸ்தா வேலை. அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இரும்புலியூரிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவார். தரை கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர், பெட்டிகளைச் சரிபார்ப்பவராகி, கடைசியில் ஃப்ரீசர் அறைக்கே பொறுப்பாளராகிவிட்டார். பதினோரு ஆண்கள் அவர் சொல்கிறபடிதான் பெட்டியை எடுப்பார்கள், வைப்பார்கள். அந்த அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்த மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வெளியே நாற்பது டிகிரி கொதிக்கும்போது உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது இருக்கும். வருடம் முழுவதும் அக்காவுக்கு அங்கே பனிக்காலம்தான். மற்றவர்களுக்குக் குளிரில் விரல் மரத்துப்போகும், வெளியே வந்து தேய்த்தால் சரியாகிவிடும். அக்காவின் விரல்களுக்கு ரத்தம் போவதே நின்றுவிடும். என் தொந்தரவு தாங்காமல் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சொன்னதாக அக்கா என்னிடம் நான்கு விஷயங்களைச் சொன்னார். கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. குளிர்ந்த பிறகு போடக் கூடாது, கை சூடாக இருக்கும்போதே போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும். நெஞ்சும் முதுகும் கதகதப்பாக இருந்தால்தான் கைக்கும் ரத்தம் போகும்.

கையுறை என்பது என் துறை. அதனால் அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கிடங்கில் எல்லோருக்கும் கொடுத்தது, உள்ளங்கையில் ரப்பர் பூசிய ஒரே அளவுக் கையுறை. அதைவிடத் தடிமனானதாக ஒரு ஜோடி தருவித்தேன். தடிமனாக இருந்தால் சூடாக இருக்கும் என்பது என் கணக்கு. அக்கா போட்டுப் பார்த்தார். உள்ளே பஞ்சு அடைத்திருந்ததால் விரல் நுழையவே சிரமப்பட்டது. இருபது நிமிடத்தில் வெளியே வந்து கழற்றியபோது முன்பைவிட அதிகமாக வெளுத்திருந்தது. கட்டைவிரலைத் தவிர எட்டு விரல்களும்.

"நீ வாங்கிக் குடுத்தது கையக் கட்டிப் போட்டா மாரி கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஒரு வெள்ளியன்று நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய மின்விசிறி, நாய்க்குட்டி, பூச்செடி, உடைந்த கடிகாரம் எல்லாவற்றையும் கடந்து போனால், தோல் பொருள்கள் பரப்பியிருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏற்றுமதிக்குத் தைத்துக் கழிக்கப்பட்ட கையுறைகள் அவரிடம் ஒரு சாக்கு நிறைய இருந்தன. நாங்கள் வேர்த்து வழிய அதன் முன்னால் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

"எந்த ஊருக்குப் போறீங்க? பையன் ஃபாரின்லயா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"முடிச்சூர் ரோட்டுக்கு" என்றார் அக்கா. கடைக்காரருக்குப் புரியவில்லை. நாங்கள் விளக்கவும் இல்லை.

காப்பிக்கொட்டை நிறத்தில், உள்ளே கம்பளி வைத்த ஒரு ஜோடி அக்காவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் அது அழகாகத்தான் இருந்தது. கையை மடக்கச் சொன்னேன். விரல் நுனியில் தோல் இழுத்துப் பிடித்தது. வேண்டாம் என்றேன். மனமில்லாமல் கழற்றி வைத்தார். சாக்கின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி கிடந்தது. ஆண்களின் அளவு. கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பை. முழங்கைக்குப் பக்கம் வரை நீண்டிருந்தது. அக்கா அதற்குள் கையை விட்டு, உள்ளே விரல்களைக் குவித்து விரித்துப் பார்த்தார்.

"நாலும் ஒண்ணா படுத்துக்கினு கீதுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு சூடு குடுக்குது."

அதை வாங்கினோம். உள்ளே போட மெல்லிய பருத்திக் கையுறை ஒரு ஜோடியும் வாங்கினோம். பை போன்ற அந்த ஆரஞ்சுப் பையுறையைப் போட்டுக்கொண்டு பேனா பிடிக்க முடியாது. எழுத வேண்டியபோது வலது கையை மட்டும் வெளியே எடுத்து, பருத்தியோடு எழுதிவிட்டு, உடனே உள்ளே விட்டுவிடலாம் என்று அக்காவே யோசனை கண்டுபிடித்தார். கழற்றினால் தொலைந்துவிடாமல் இருக்க இரண்டையும் நாடாவால் இணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முதல் நாள் பையன்கள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் நன்றாகப் போயிற்று. அக்காவின் விரல்கள் வெளுப்பது மிகவும் குறைந்துபோனது. எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கவனிக்காமல் விட்டது வேறொன்று. முன்பெல்லாம் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கை மரத்து வெளியே வந்துவிடுவார். இப்போது மரக்காததால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உள்ளேயே இருந்தார். அதைப் பார்த்த மேலாளர் பக்கத்து ஃப்ரீசர் அறையையும் அவர் பொறுப்பில் விட்டார். அக்கா அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இன்னொரு சாவியும் இடுப்பில் ஏறியது.

அடுத்த தை மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அக்கா இடது கையால் டப்பாவைத் திறக்க முடியாமல் திணறினார். வாங்கித் திறந்து கொடுத்தேன். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நான் விடவில்லை. விரல் நுனியில் மிளகளவு கறுத்த புண். ஒரு மாதமாக ஆறவில்லையாம். மருத்துவச் சீட்டு எங்கே என்று கேட்டு, அவர் பையிலிருந்து நானே எடுத்தேன். நான்கு விஷயங்களுக்கும் மேலே, ஆங்கிலத்தில் அடிக்கோடிட்டு முதல் வரியாக எழுதியிருந்தது: குளிரில் வேலை செய்யவே கூடாது.

"இத ஏன்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கிளவுஸ் வாங்க வருவியா?"

அக்கா டப்பாவை மூடினார்.

"உள்ள நான் இன்சார்ஜ். வெளிய வந்தா நான் யாருமா? திரும்பியும் தொடப்பத்தக் குடுப்பானுங்க. விரலு என்னுது. நீ கம்னு இரு."

இரண்டு நாள் கம்மென்று இருந்தேன். மூன்றாம் நாள் மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் சொன்னேனா, என் பையுறையால் வந்த வினை என்ற பயத்தில் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மேலாளர் கெட்டவர் இல்லை. அன்றே அக்காவைக் கூப்பிட்டு, விரலைப் பார்த்து, சாவிகளை வாங்கிக்கொண்டார். துடைப்பம் கொடுக்கவில்லை. லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தில், சரக்கு வெளியே போவதைக் குறித்துக்கொள்ளும் மேசையில் உட்காரவைத்தார். மின்விசிறிகூட இல்லாத இடம். பதினோரு பேரில் ஒருவர் ஃப்ரீசருக்குப் பொறுப்பாளரானார்.

மாலையில் அக்கா என் மேசைக்கு வந்தார். ஆரஞ்சுப் பையுறைகளை நாடாவோடு என் முன்னால் வைத்தார். "ஸ்டோர்ல சேத்துக்கோங்க மேடம்" என்றார். அதுவரை என்னை அவர் வாங்க, போங்க என்று சொன்னதில்லை. அதன் பிறகு வேறு எப்படியும் கூப்பிடவில்லை. தேநீர்க் கடைக்கு அவர் போகும் நேரமும் மாறிவிட்டது.

மருத்துவர் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் விரல் நுனியை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அவர் சொன்னதாக அக்காவின் மகள் ஒரு நாள் தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். அக்கா சொல்லச் சொன்னாரா, அவளாகவே சொன்னாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பங்குனிக்குள் புண் ஆறியது. நகம் கோணலாக வளர்ந்தது.

முற்றத்து மேசையில் அக்கா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃப்ரீசருக்குள் போகிறவர்களின் நேரத்தைத் தானாகவே ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தார். அரை மணி ஆனதும் எழுந்துபோய் இரும்புக் கதவைத் தட்டுவார். "டேய், வெளிய வா" என்று அவர் போடும் சத்தம் என் அறை வரை கேட்கும். புதுப் பொறுப்பாளர் மேலாளரிடம் புகார் சொன்னார். மேலாளர் அக்காவை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, பதினோரு பேருக்கும் கை அளந்து தளர்வான உறை வாங்க வேண்டும், அளவை எழுதிக்கொள்ளுங்கள் மேடம் என்றார். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக உள்ளங்கைச் சுற்றளவு இருந்தது. எழுதிக்கொண்டேன். எல்லாருக்கும் வாங்கினேன். அந்த வேலைக்கு வெளியே நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு எனக்குத் திருமணமாகி வேலையும் மாறியது. இப்போது கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஏசியின் காற்று நேரே படும் இருக்கையில் யாராவது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மேலே இருப்பவர்களிடம் நான் போய்ச் சொல்வதில்லை. அவரவரே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு விடிகாலை, இரும்புலியூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. காதை மூடி மஃப்ளர் கட்டியிருந்தார். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறதாம், மகள் வீட்டுக்குக் கோவளம் போகிறாராம். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடது கையை என் முகத்துக்கு நேரே தூக்கி, கோணல் நகம் வளர்ந்த ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

"இன்னும் கீது, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். நன்றியா, குத்தலா என்று அவர் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. பனியில் விளக்குப் போட்டுக்கொண்டு பேருந்து வந்து நின்றது. அக்கா முந்தானையை இழுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அந்தக் கையால் கம்பியைப் பிடித்து ஏறிப் போனார்.