பிழை போட்ட முட்டைகள்

ஏழு முட்டைகளின் மேல் பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் படுத்திருந்த எங்கள் தோட்டத்து அடைக்கோழி, பதின்மூன்றாம் நாள் காலை எழுந்து போய் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. தூக்கிவந்து வைத்தேன், போய்விட்டது. மறுபடி வைத்தேன், கையில் கொத்திவிட்டுப் போனது. மூதேசிக் கோழி! ஜெர்மனியில், இந்த வுப்பர்டால் நகரத்துக் குளிரில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? பக்கத்துத் தோட்டத்து ஜெர்மன்காரர் குஞ்சு பொரிக்கும் பெட்டியை இரவல் தந்தார். முட்டைகளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

குளியலறையை இருட்டாக்கி, போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலில் சிவப்பு நரம்பு ஓடியது. உள்ளே கறுப்பாக ஒன்று அசைந்தது. உயிர்! மற்ற மூன்றும் கூழ்முட்டை. அவற்றில் பென்சிலால் பெரிதாகக் குறுக்கும் மறுக்கும் கீறிப் பிழை போட்டேன், என் கணக்கு வாத்தியார் கொப்பியில் போடுவாரே, அப்படி.

ஏழையும் பெட்டிக்குள் அடுக்குவதற்குள் மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டது. காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே மகளிடம் கத்தினேன்.

"பிள்ளை, கூழ்முட்டையளை எடுத்து எறி, வெடிச்சா நாறும். அடையாளம் போட்டிருக்கிறன். நல்லதைத் திருப்பித் திருப்பி விடு."

"ஓம் அப்பா, நீங்கள் போங்கோ."

மாலை வந்து பார்த்தால் பெட்டிக்குள் மூன்று முட்டை. மூன்றிலும் பிழை.

"மற்ற நாலும் எங்கை?"

"கீழ குப்பைக்குள்ள. கூழ் எண்டனீங்கள்."

"பிழை போட்டதையெல்லோ எறியச் சொன்னனான்! ஒருக்காப் போன் எடுத்துக் கேக்க ஏலாதோ, விசரி?"

"அது க்ரொயிட்ஸ் அப்பா! க்ரொயிட்ஸ் போட்டா வேணும் எண்டுதானே?"

க்ரொயிட்ஸ் என்றால் ஜெர்மனில் சிலுவைக் குறி. இந்த நாட்டுப் படிவங்களில் வேண்டிய கட்டத்துக்குள் அந்தக் குறியைத்தான் போடவேண்டும். என் விண்ணப்பமெல்லாம் பத்து வயதிலிருந்து நிரப்புகிறவள் அவள். நான் பழக்கதோஷத்தில் சரி போடுவேன். அவள் தலையிலடித்துக்கொண்டு அழித்து எழுதுவாள். எத்தனை தரம்! நேரத்துக்கு நினைவுக்கு வந்து தொலைத்ததா?

படியிறங்கி ஓடினேன். நாலையும் பத்திரிகைத்தாளில் சுற்றிப் போட்டிருந்தாள், ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தன.

குளியலறைக்குள் அவளும் வந்து நின்றாள். "அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அலாரம் வைச்சுத் திருப்பினனான் அப்பா," என்றாள். அந்தக் கூழ்முட்டைகளை!

குளிர்ந்துபோன நாலையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். நரம்பு மங்கியிருந்தது. நாலாவதை வெகுநேரம் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அசையுதா அப்பா?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். அவளுக்கு முந்தி எனக்குத்தான் அழுகை வந்தது.